ஒரு பிராக்கெட்டும் விட்டுப்போகவில்லை

அன்பு மாப்ள ரவி,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லாமல் செய்துவிட்டாய். நீ போய் நாற்பது நாளாகிறது. ஐந்து வருடமாக விழுங்கி வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் உன்மேல் பழி போட்டவன் நான். அதனால் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

கப்பலூர் ரப்பர் கம்பெனிக்கு நாம் செய்த புரோகிராம் ஞாபகம் இருக்கிறதா? எந்த அச்சுக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்கிற விதிகளை நீ லிஸ்ப் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாய். அவற்றைப் படித்துத் திரையில் காட்டும் பகுதியை ஜாவா மொழியில் எழுதியது நான். வரிக்கு வரி பிராக்கெட்டாக இருக்கிறதே, இது புரோகிராமா முள்வேலியா என்று உன்னை ஓட்டுவேன்.

எல்லாவற்றையும் ஒரே ஜார் கோப்பாகக் கட்டி, கம்பெனிக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தோம். விதிகளை ஏற்ற முடியவில்லை என்றது திரை. ஃபோர்மேன்கள் சுற்றி நின்றார்கள்.

"யாரு தப்புப்பா?" என்றார் முதலாளி.

"விதி எழுதுனது இவன்தாண்ணே. ஒரு பிராக்கெட் விட்டுப்போனாலும் மொத்தமும் படுத்துரும்" என்றேன். அது எப்படி என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது?

முந்தின நாள்தான் நீ இரண்டு விதிகளைத் திருத்தியிருந்தாய். அதனால் நீயும் நம்பிவிட்டாய். "பாத்துட்டு வாரேண்ணே" என்று அவரிடம் தலைகுனிந்து சொன்னாய்.

மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் கோப்புகள் ஜாருக்குள் பத்திரமாக இருந்தன. அவற்றை அதற்குள்ளிருந்து எடுக்கச் சொல்லாமல், வெளியே ஒரு ஃபோல்டரில் தேடச் சொல்லி எழுதியவன் நான்தான். நம் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் இருந்தது, கப்பலூரில் இல்லை. ஒரு வரியை மாற்றினேன், ஓடிவிட்டது.

"எங்க மாப்ள தப்பு?" என்று கேட்டாய்.

"அதான் ஓடுதுல்ல, விடுடா" என்றேன்.

உன் தப்பைத் திருத்திவிட்டுப் பெருந்தன்மையாக மறைக்கிறேன் என்று நினைத்து நன்றி வேறு சொன்னாய். என்னை நீ சந்தேகப்படவே இல்லையா? அடுத்த வேலைக்கு முதலாளி என்னை மட்டும் கூப்பிட்டார், நானும் போனேன். அதற்குப் பிறகு நீ லிஸ்ப்பைத் தொடவில்லை.

போன வாரம் உன் மனைவி செல்வி ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தது. "அண்ணே, அவுக அப்பப்ப இத எடுத்து வச்சுப் பாப்பாக. எங்க விட்டேன்னு தெரியலையேம்பாக. நீங்களே வச்சுக்கங்க."

உன் விதிகளின் பிரிண்ட். ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் ஜோடி சேர்த்துப் பென்சிலில் எண் போட்டிருக்கிறாய். அழித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாய். சில இடங்களில் தாள் கிழிந்தே போயிருக்கிறது. இல்லாத தப்பை இம்புட்டு வருடமாகத் தேடினாயா, மாப்ள?

அப்போதும் நான் தங்கச்சியிடம் வாய் திறக்கவில்லை. அது கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். என்ன மனுஷன் நான்?

நாளைக் காலையில் உன் வீட்டுக்குப் போகிறேன். செல்வி கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்வேன். அங்கிருந்து நேரே கப்பலூர், அதே ஃபோர்மேன்கள் முன்னால். பிராக்கெட்டுகளை நானும் கடைசித் தாள்வரை எண்ணினேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

நீ மாப்ள என்று நம்பிய,
பாண்டி