பேனரைக் கழட்டிட்டேன்

மாரி,

டூட்டிக்குக் கெளம்புறேன். நீ சொன்னபடியே சந்து முனையில கட்டுன பேனரைக் கழட்டிட்டேன். பாதி ஆராய்ச்சி பம்பாய்ல, பாதி ஆஸ்திரேலியாவுலன்னதும், ரெண்டு காலேஜுக்கு ரெண்டு டாக்டர் பட்டம்னு நெனச்சு அச்சடிச்சுட்டேன். ரெண்டும் சேந்து ஒண்ணுதான்னு நேத்து நீ கத்துனப்பதான் வெளங்குச்சு. அதுக்காகப் பட்டினியாவா படுப்ப? மீன்கொழம்பு இருக்கு, சூடாக்கித் தின்னு. எதுத்த வீட்டு சுலைகா அக்கா, நீ பிளேன்ல கொண்டுபோற பெட்டிய எடை பாக்கத் தராசு கொண்டாருவா, வெளிய போயிராத.

ஒரே பட்டத்துக்கு ரெண்டு தேசத்து வாத்தியாரும் கையெழுத்துப் போடணும்னா, அது ரெண்டைவிடப் பெருசுதான் தாயி.

அப்பா

பேனரைத் தூரப் போடல. மழை ஒழுகுற எடத்துல தகரத்துக்குக் கீழ கட்டியிருக்கேன், உன் மூஞ்சி உள்பக்கம். அண்ணாந்து பாத்துட்டுத் திட்டாத. நீ போன பொறவு நான் மட்டுந்தான் பாப்பேன்.