சாரா உம்மா போட்ட விலை

நுரைச்சோலை
வெள்ளிக்கிழமை, அசர் தொழுத பிறகு

அன்பு மகள் ஸும்றாவுக்கு உன் உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நீயும் மருமகன் ஸப்ராஸும் பிள்ளைகள் இரண்டும் அந்த வெயிலில் வாடிப்போகாமல் சுகமாக இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் நான் தொடங்கினால் உன் சின்னவன் வந்து விழுந்த பல்லைக் காட்டுகிறான், பெரியவள் வந்து சலாம் சொல்கிறாள், அதற்குள் படம் உறைந்து நீ வாயைத் திறந்தபடி நிற்கிறாய். விட்ட இடம் எனக்கு மறக்காது, உனக்குத்தான் மறந்துவிடுகிறது. வீட்டு விலையைப் பற்றி அரைகுறையாகக் கேட்டுவிட்டு நீ அங்கே ஒன்று கிடக்க ஒன்று செய்யக்கூடாது. அதனால்தான் சனிக்கிழமை தோஹாவுக்கு வருகிற முபாரிஸிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கட்டாக் கருவாடும் இரண்டு கிலோ இருக்கிறது, நிறுத்து வாங்கு. அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் அவனுடைய மாமா தொண்ணூற்றெட்டில் உன் வாப்பாவிடம் வாங்கிப்போன ஏணி இன்னும் திரும்பி வரவில்லை.

நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. இந்த வீட்டுக்குத் தொண்ணூறு இலட்சமாவது வந்தால்தான் புத்தளம் டவுனில் நீங்கள் பார்த்து வைத்த வீட்டை வாங்கலாம், நாலு பேரும் ஒரேயடியாகத் திரும்பி வரலாம், நானும் உங்களோடு வந்து இருக்கலாம். வராவிட்டால் மருமகன் மாத முடிவில் அங்கேயே இன்னும் மூன்று வருஷத்துக்கு வேலை ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பார். மூன்று வருஷம் உங்களுக்கு ஒரு தாள். எனக்கு அறுபத்தொன்பது வயது, எனக்கு அது தாள் இல்லை. சீதனமாக உன் பெயரில் எழுதிய வீடு, விற்பது உன் உரிமை, ஏமாறாமல் விற்றுத் தருவது என் வேலை. அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று கேள்.

முதலில் வந்தவன் புரோக்கர் ஜவ்பர். அவனை நான் கூப்பிடவில்லை, வாசனை பிடித்து வந்தான். விறாந்தையில் கால் வைக்க முன்னமே, சாச்சி, இது ஊடா, மாஷா அல்லாஹ் மாளிகையல்லவா, இந்தத் தூண் மாதிரி ஒரு தூண் இப்ப ஆரு கட்டுறாங்க என்றான். தூணைத் தடவினான், கதவைத் தடவினான், என் பழைய அலுமாரியையும் தடவினான், அது விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடி நாற்பது என்றான். மகள், பொய் சொல்லமாட்டேன், எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது, நல்ல கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டேன். குடித்து முடித்ததும் ஒரு தாளை நீட்டினான். ஆறு மாதத்துக்கு வேறு யார் மூலமும் விற்கமாட்டேன் என்று கையெழுத்து வைக்கவேண்டுமாம், அது சும்மா ஒரு வழக்கத்துக்குத்தானாம். அப்போதுதான் எனக்கு அவனுடைய வாப்பா நினைவுக்கு வந்தார். தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு குர்பான் கொடுக்க அவரிடம்தான் ஆடு வாங்கினோம். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஒரு கண் குருடு. குருட்டு ஆடு குர்பானுக்குக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்தக் கண் இருக்கிற பக்கத்தை மதிலோடு சாத்திக் கட்டி வைத்திருந்தார். மகனும் எதையோ மதிலோடு சாத்தி வைத்திருக்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

என் நானாவின், அதுதான் உன் மாமாவின், மகள் முஃப்லிஹாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் வீட்டையும் இவன்தானே விற்றுக்கொடுத்தான். அவள் சொன்ன கதை இதுதான். எண்பது இலட்சம் என்று சொல்லித் தாளில் கையெழுத்து வாங்கினானாம். எண்பதுக்கு ஒரு காக்கையும் எட்டிப் பார்க்கவில்லையாம். இரண்டாம் மாதம் எழுபதுக்குக் குறைப்போம் என்றானாம், நாலாம் மாதம் அறுபத்தைந்து. அதற்குள் ஊர் முழுக்க, இவ்வளவு நாள் விலைபோகாமல் கிடக்குதே, வீட்டில் என்ன குறையோ என்று கதைக்கத் தொடங்கிவிட்டது. விடியக் கரைக்கு வந்த மீன் பின்னேரம் வரை கூடையில் கிடந்தால் யார் நம்பி வாங்குவான்? கடைசியில் ஐம்பத்தைந்துக்குத் தள்ளிவிட்டாள். மகள், இதை எழுதி வைத்துக்கொள், கூடுதலாக விலை சொல்கிறவன் கூடுதலாக வாங்கித் தருகிறவன் இல்லை. ஜவ்பரை அனுப்பிவிட்டேன். போகும்போது, சாச்சி யோசிச்சுச் சொல்லுங்க என்றான். யோசிக்கிறேன், முதலில் அந்த ஆட்டைப் பற்றி யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டாவது ஆள் கொழும்பிலிருந்து வந்தார், மருமகன் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்த ஆள்தான், அதற்காக மருமகன்மேல் எனக்குக் கோபமில்லை என்று அவரிடம் சொல்லு, இருந்தாலும் நினைவில் வைத்திருப்பேன். பளபளவென்று சப்பாத்து, கையில் போன், குசினிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பழைய கட்டடம், வாங்குறவங்க இடிச்சுத்தான் கட்டோணும், நிலத்துக்கு மட்டும்தான் விலை, ஐம்பத்திரண்டு தேறும் என்றார். ஜவ்பர் தடவினான், இவர் தொடவே இல்லை.  ஆனால் அவரோடு வந்த டிரைவரைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த டிரைவர் ரோட்டுப் பக்கத்து எல்லையைக் காலடியால் அளந்தார். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்தார். வளவுக்குள் லொறி வருமா என்று என்னிடம் கேட்டார். கையில் தங்கச் சங்கிலிக் கடிகாரம். திரும்பிப் போகும்போது கொழும்பு ஆள் ஓடிப்போய் அவருக்கு வாகனக் கதவைத் திறந்துவிட்டார். டிரைவருக்குக் கதவு திறந்துவிடும் முதலாளியை நான் இவ்வளவு வயதுக்குக் கண்டதில்லை. நான் படலைவரை நடந்து போய், ஐயா, வாங்க வந்தவரைப் பின் சீட்டிலேயே உட்கார வையுங்கள், அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாமல் இருக்கலாம் என்றேன். வாகனம் போன வேகத்தில் பக்கத்து வீட்டுச் சாரா உம்மாவின் கோழி ஒன்று மயிரிழையில் தப்பியது.

இப்போது சாரா உம்மாவுக்கு வருகிறேன். காணி விற்கும்போது எல்லைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். நம் எல்லைக்காரி அவள்தான். உன் கல்யாணத்தன்று லுஹர் பாங்கு சொன்ன கையோடு, பந்தலுக்குள் நாற்பது பெண்கள் கேட்கும்படி, ஆறு பேருக்கு ஒரு சஹன் தட்டு வைச்சிருக்கிறாங்க, சோறு மலை மாதிரி இருக்கு, இறைச்சிதான் நாலு துண்டு என்று சொன்னவள். அது ஆறு துண்டு. நானே என் கையால் வைத்தேன். அதிலிருந்து பதினெட்டு வருஷமும் ஏழு மாதமும் அவளோடு எனக்குக் கதை இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. என்னிடம் அவள் எங்கே வாங்கப்போகிறாள், வேண்டாம் என்றுதான் சொல்லியனுப்புவாள் என்று நினைத்து, ஒரு பேச்சுக்காக முஃப்லிஹாவை அனுப்பிக் கேட்டேன். அதுதான் நான் செய்த பிழை. பத்து நிமிஷத்தில் அவளே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, என் படலையைத் திறந்து உள்ளே வந்துவிட்டாள்.

என்னோடு நேரே கதைக்கவில்லை. முஃப்லிஹாவைப் பார்த்து, புள்ள, உங்கட மாமிட்டச் சொல்லுங்க, கேட்டது மார்க்கத்துக்கும் வழக்கத்துக்கும் நல்லது, நான் வாங்கப்போறதில்ல, ஆனா விலை என்னவென்று எனக்குத் தெரியும் என்றாள். நானும் முஃப்லிஹாவைப் பார்த்து, அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேள் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறோம், அந்தப் பிள்ளை கழுத்தை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டு நடுவில் நிற்கிறது. சாரா உம்மா அறை அறையாக நடந்து சொல்லிக்கொண்டே போனாள். குசினிக் கூரை மேற்குப் பக்கம் ஒழுகும், மழைக்கு மூன்று சட்டி வைப்பாங்க, சத்தம் எனக்குக் கேட்கும். பின் அறைச் சுவரில் வெடிப்பு, மகள்ட கல்யாணத்துக்கு முன்னம் பூசி மறைச்சது. கக்கூஸ் குழி நிறைஞ்சிட்டுது, போன மாரியில இதுக்கு இவங்க போட்ட கூச்சலை ரோட்டில போன பாண்காரனும் கேட்டவன். மகள், இந்த வீட்டின் குறைகளை நான் யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் உரக்கச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்குக் கொதித்தது. வாசல் கூட்டுகிற தும்புத்தடி எங்கே என்று பார்த்தேன்.

அப்போது அவள் கொப்பியைத் திருப்பினாள். போன வருஷம் அவளுடைய பின் வளவை ஹோட்டல்காரர் வாங்கினார்கள் அல்லவா, ஒரு பேர்ச் நிலம் மூன்று இலட்சத்துக்கு. காணி உறுதித் தாளில் எழுதினது வேற, ஊரில் சொன்னது வேற, நான் கையில வாங்கினது மூன்று என்றாள். அந்தப்படி நம் இருபத்திரண்டு பேர்ச்சுக்கு அறுபத்தாறு. வீட்டுக்கு நாற்பது போட்டாள், கூரைக்கும் சுவருக்கும் குழிக்கும் பன்னிரண்டு கழித்தாள். தொண்ணூற்று நாலு என்று அடிக்கோடு போட்டாள். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், அந்த வறட்சி வருஷத்தில் இந்தத் தெருவே குடிச்ச கிணறு இது, அதைச் சேர்த்துத்தான் சொல்லுறன் என்றாள். நான் முஃப்லிஹாவிடம், இவங்க எதற்காக உண்மை சொல்லவேண்டும் என்று கேட்டேன். அதற்குச் சாரா உம்மா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். நான் வாங்கப்போறவள் இல்ல, குறைச்சுச் சொல்லத் தேவையில்ல, விற்கப்போறவள் இல்ல, கூட்டிச் சொல்லத் தேவையில்ல, உங்கட மூஞ்சியைச் சந்தோஷப்படுத்த வேண்டிய தேவையும் எனக்கில்ல என்றாள். அவள் சொன்னது சரியாக இருந்தது, அதற்காகவும் அவளை நான் மன்னிக்கவில்லை.

அவள் சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடுவேனா? புத்தளத்திலிருந்து மதிப்பீட்டாளர் அருமைநாயகம் ஐயாவைக் கூப்பிட்டேன். வங்கிக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிறவர். வீடு விற்றாலும் விற்காவிட்டாலும், கூட வந்தாலும் குறைய வந்தாலும் அவருக்கு அதே கூலி, முதலிலேயே சொல்லிவிட்டார், அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. தான் கொண்டுவந்த ஏணியை வைத்துக் கூரைக்கு ஏறினார், நாடா பிடித்து அளந்தார், சுவரைத் தட்டினார். தொண்ணூற்று மூன்றரை என்று எழுதினார். நான் சாரா உம்மா கொப்பியில் கிழித்துத் தந்த தாளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார், இதை எழுதினவர் எந்த அலுவலகத்தில் வேலை செய்தவர் என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்தில் என்றேன்.

பிறகு கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நேர்ஸ் சுஜீவாவும் அவள் மாப்பிள்ளையும் வீடு பார்க்க வந்தார்கள். உடப்பு ஊர்ப் பிள்ளை, வாயைத் திறந்தால் அம்மா அம்மா என்று கூப்பிடுகிறது. வீடு பிடித்துவிட்டது. அந்தத் தொண்ணூற்று நாலையே விலையாகச் சொன்னேன், சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புத்தியுள்ள பிள்ளை, நேரே அடுத்த வீட்டுப் படலையில் போய் நின்று, அம்மா, அந்த வீடு எப்படி என்று கேட்கிறது. மகள், நான் வேலியோடு ஒட்டி நின்றேன். சாரா உம்மா தொடங்கினாள். கூரை ஒழுகும் என்றாள். சுவர் வெடிப்பு என்றாள். குழி என்றாள். உங்கள் நாலு பேருடைய விமான டிக்கட்டும் ஒவ்வொன்றாகக் கிழிகிற மாதிரி எனக்கு இருந்தது. அவள் மாப்பிள்ளை, அப்ப எண்பத்தைந்துக்குக் கேட்டுப் பார்ப்பமா என்று சொன்னது என் காதில் விழுந்தது. யா அல்லாஹ் என்று வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போது சாரா உம்மா சொன்னாள், தம்பி, நான் இப்ப சொன்னதெல்லாம் கழிச்சுத்தான் அந்த விலை, கழிச்சதை மறுபடி கழிச்சுக் கேட்டா அது விலை பேசுறதில்ல, ஸதகா, தர்மம் கேக்கிறது, அதுக்கு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு வரோணும் என்று. அந்த நேர்ஸ் பிள்ளை சிரித்த சிரிப்பு எங்கள் கிணறு வரைக்கும் கேட்டது. தொண்ணூற்று மூன்றுக்கு முடிந்தது. நேற்று மருமகன் போன் எடுத்தபோது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது இதனால்தான், உனக்குத்தான் முதலில் சொல்லவேண்டும்.

அவர்கள் போன பிறகு சாரா உம்மா தன் படலையில் நின்றபடி, வேலியைப் பார்த்தும் பார்க்காமலும், நீங்க புத்தளத்துக்குப் போனா நான் இனி ஆரோட கதைக்காம இருக்கிறது என்று கேட்டாள். நான் சொன்னேன், புத்தளம் ஒன்றும் மக்கமில்லை, நேர் பஸ் இருக்கிறது, வந்து நாள் முழுக்க என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டுப் போங்க, பகல் சாப்பாடு தருவேன் என்று. சரி என்று சொன்ன மாதிரித்தான் தலையை ஆட்டினாள்.

மகள், குளிர்காற்றுப் பெட்டிக்கு நேரே பிள்ளைகளைப் படுக்க வைக்காதே, சின்னவனுக்குப் பல் விழுந்த இடத்தில் ஐஸ் கொடுக்காதே. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைவில்லாத ரிஸ்கையும் உணவையும் தந்து, நாலு பேரையும் ஒரு குறையுமில்லாமல் என் வாசலில் கொண்டுவந்து இறக்குவானாக, ஆமீன். முக்கியமாக ஒன்று, நேர்ஸ் பிள்ளை மாத முடிவு வரைக்கும்தான் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறது. உனக்குப் பதிலாக நான் விற்பதற்கு நொத்தாரிசு எழுதின அட்டோனித் தாள் இந்தக் கடிதத்துக்குள் மடித்து இருக்கிறது, தூதரகத்துக்குப் போய் அதில் உன் கையெழுத்தை வை. அங்கே கம்பெனிக்காரன் மருமகனிடம் நீட்டுகிற தாளில் ஒருவரும் ஒன்றும் வைக்கவேண்டாம், அந்தப் பேனையைக் கூடத் தொடவேண்டாம். சட்டி பானையைக் கட்டத் தொடங்கு.

வஸ்ஸலாம்,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும் உம்மா,
ஹாசிம் றாஹிலா