நஜ்மா அக்கா சொன்ன வருமானம்

என் அன்புச் சாந்திக்கு,

உடம்பெல்லாம் அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு ஞாயிறு, தோல் பதனிடுகிற டேனரிக்கு லீவு. துணி துவைத்துப் போட்டாயிற்று, சோறு வடித்தாயிற்று. இனி உன்னோடு கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது. நேரில் என்றால் பாதியிலேயே குறுக்கே புகுந்து, "சுருக்கமா சொல்லு மாமா" என்பாய். எழுதினால் கடைசி வரைக்கும் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

நம் பவித்ரா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். கணக்கில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு டீச்சரே எனக்குப் போன் போட்டார். "இவள மட்டும் கம்பெனிக்கு அனுப்பிடாதீங்க" என்றார். நீ இருந்திருந்தால் அவருக்குச் சரியாகப் பதில் சொல்லியிருப்பாய். கல்யாணமாகி வந்த வருஷமே ஷூ கம்பெனி பஸ் ஏறியவள் நீ. படுக்கையில் விழுகிறவரை அந்தத் தையல் மிஷினை விட்டு நீ எழுந்திருக்கவில்லை. "இந்த பஸ்ல என் பொண்ணு ஏறக் கூடாது" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்தால்தான் விடுவாயா?

ஆனால் காலேஜில் சேர்ப்பது என்றால் என்னவென்று நமக்கு என்ன தெரியும்? மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாம் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டுமாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். இ-சேவை மையத்து பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே என் முதுகு போய்விட்டது. போட்டோவை ஏற்றினால் சைஸ் ஜாஸ்தி என்று தள்ளுகிறது, சுருக்கிப் போட்டால் கம்மி என்கிறது. நான் ஏதாவது கேட்டால் பவித்ரா, "நீ சும்மா இருப்பா, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். கையெழுத்துப் போடும்போது மட்டும் அப்பா வேண்டியிருக்கிறது.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று. நம் வீட்டில் இதுவரைக்கும் ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. அது மட்டும் பேஜார் இல்லாமல் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் நம்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு கட்டத்தில் தாயின் வருமானம் என்று கேட்டது. பவித்ரா அதைக் காலியாக விட்டாள். அடுத்த பக்கம் திறக்கவில்லை. மையத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "சைபர் போடும்மா, அப்பதான் போகும்" என்றாள். பவித்ரா கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் போட்டாள். உன் வாழ்நாள் உழைப்புக்கு அந்தக் கம்ப்யூட்டர் வைத்த கணக்கு அது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்காதே.

வேலூரில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. கணிதத்தில் சீட் கிடைத்தது. பீஸைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. அங்கிருந்த மேடம்தான், வசதி இல்லாத பிள்ளைகளுக்குக் காலேஜே பீஸில் பெரும் பங்கைக் குறைத்துக்கொள்ளும் என்று சொன்னார். அவர்கள் சொன்ன வரம்புக்குள் வருமானச் சான்றிதழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். வராவிட்டால் முழுப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட் வேறு பிள்ளைக்கு. அதே வாரம்தான் நம் தெருவில் ஷூ கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வேன் வந்து நின்றது. எதிர்வீட்டுப் பெண் பெயர் கொடுத்துவிட்டாள். பவித்ரா ஜன்னலோரம் நின்று அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருமானச் சான்றிதழ் நமக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். அது வந்த அன்று பவித்ரா போனில் திறந்து பார்த்தாள். போனை என் பக்கம் திருப்பினாள். அப்புறம், "அப்பா, நாம பணக்காரங்க ஆய்ட்டோம்" என்றாள்.

அதில் போட்டிருந்த தொகையை நான் என் வாழ்நாளில் சேர்த்துப் பார்த்ததில்லை. வரம்பைத் தாண்டி எங்கேயோ நின்றது. அடித்துப் பிடித்து வி.ஏ.ஓ.வைப் பார்க்க ஓடினேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை; காண்ட்ராக்ட் வேலைதானே, போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அவர் பொறுமையாகத்தான் பேசினார். "நாங்களா எழுதலீங்க. தலையாரி நேர்ல வந்து விசாரிச்சாரு. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா சொன்னததான் எழுதியிருக்காரு" என்றார்.

பக்கத்து வீட்டம்மா யார்? நம் நஜ்மா அக்கா. உன் தோஸ்த்.

என்ன நடந்திருக்கிறது தெரியுமா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு பையோடு ஒரு ஆள் வந்து நின்றிருக்கிறார். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பெண் எவ்வளவு படித்திருக்கிறாள், அப்பாவுக்கு எங்கே வேலை, வரும்படி எப்படி என்று கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்த பெண் இருக்கிற வீட்டைப் பற்றி அப்படி ஒரு ஆள் விசாரித்தால் நம் தெருவில் என்ன நினைப்பார்கள்? பெண் கேட்டு வந்த தரகர் என்று நஜ்மா அக்கா முடிவு கட்டிவிட்டாள். உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கம்பெனியில் பர்மனென்ட் வேலை என்றாளாம். இருப்பது சொந்த வீடு, உன் நகையெல்லாம் பெண்ணுக்காக அப்படியே இருக்கிறது, நெமிலியில் நிலம் இருக்கிறது என்றெல்லாம் அடுக்கியிருக்கிறாள். தலையாரி டீயைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

வி.ஏ.ஓ. ஆபீஸிலிருந்து நேராக அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்கா என்றுகூடப் பார்க்கவில்லை. "இன்னாக்கா இப்டி பண்ட்டீங்க? நம்ம வீட்டு நெலம உங்களுக்குத் தெரியாததா? நகை எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவள் அடுப்பைக்கூட அணைக்காமல் வெளியே வந்து நின்றாள்.

"தெரியும் தம்பி" என்றாள். "அத்தினியும் தெரியும். சாந்திக்கு நான் வாக்கு குடுத்துட்டேன்."

வேலூர் ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது உன்னைப் பார்க்க வந்தவளிடம் கேட்டாயாமே. நான் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்த நேரம். "யாராச்சும் என் பொண்ண கேட்டு வந்தா, எங்க வீட்டப் பத்தி நல்லபடியா சொல்லுக்கா. ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு. அந்த மனுஷனுக்குப் பேசத் தெரியாது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாயாமே. "கேட்டு வந்துட்டாங்கன்னு சந்தோஷத்துல சொல்ட்டேன் தம்பி. உன் பொண்டாட்டி கேட்டா மாதிரியே சொன்னேன்."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் புத்தி எனக்குத் தெரியாதா? நஜ்மா அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்த பாத்திரத்தை நீ ஒரு நாளும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. நம் வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில்கூட ஒரு கொத்து முருங்கைக் கீரையாவது போட்டுத்தான் கொடுப்பாய். கம்பளியை இழுத்துப் போர்த்த முடியாமல் கிடந்த நேரத்திலும் ஊர் முன்னால் நம் மானம் போகக் கூடாது என்று ஏற்பாடு செய்திருக்கிறாய். எனக்குப் பேசத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாய். அது மட்டும் நிஜம்.

மறுபடி விண்ணப்பம் போட்டோம். விசாரணையில் சொன்னது தவறு என்று அந்த அம்மாவே நேரில் வந்து சொல்லட்டும் என்றார் வி.ஏ.ஓ. நஜ்மா அக்கா முதலில் மாட்டேன் என்றாள். "நான் போயி இல்லாத வீடுன்னு சொன்னா, நாளைக்கு நெசமாவே மாப்ள வீட்டுக்காரங்க வர்றப்ப இந்தப் பேச்சு நிக்காதா? சாந்தி மொகத்துல நான் எப்டி முழிப்பேன்?" என்று கேட்டாள். இல்லாதவள் முகத்தில் விழிப்பதைப் பற்றிக் கவலைப்பட்டாள். எனக்கும் அவளைக் கட்டாயப்படுத்த வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே இருந்தது.

பவித்ராதான் பேசினாள். நம் வாசலில் நின்றபடியே, சத்தம் போடாமல் பேசினாள். "பெரியம்மா, இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க. நம்மள இல்லாதவங்கன்னு நெனைக்கற வீட்டுக்கு நான் போகல. எனக்கு இப்ப காலேஜ் போணும்" என்றாள். நீ பேசியிருந்தால்கூட இவ்வளவு சுருக்கமாகப் பேசியிருக்க மாட்டாய். நஜ்மா அக்கா அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

ஆபீஸில் ஏகப்பட்ட கூட்டம். எங்களைப் போலவே கையில் பிளாஸ்டிக் கவரோடு அப்பன்கள், அம்மாக்கள். பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள். எங்கள் முறை வந்ததும் நஜ்மா அக்கா மேஜைக்கு முன்னால் நேராக நின்றாள். ஏழை, இல்லாதவர்கள் என்ற வார்த்தை ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. "வேல காண்ட்ராக்ட் சார். வீடு வாடக. நெமிலி நெலம் அவரு அண்ணனுது. நகை எல்லாம் அவங்க வைத்தியத்துக்குப் போச்சு. நான் சொன்னது தப்பு" என்றாள். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாள். வந்த வேலை முடிந்தும் நகரவில்லை.

"ஆனா மரியாதையான குடும்பம் சார். அத்தயும் எழுதிக்குங்க" என்றாள்.

"அதுக்கு இதுல கட்டம் கெடையாதும்மா" என்றார் வி.ஏ.ஓ. கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம். இறங்கும்போது நஜ்மா அக்கா, "அவ என்ன மன்னிப்பாளா தம்பி?" என்று கேட்டாள். மன்னிப்பாள் என்று சொன்னேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். சரிதானே?

புதுச் சான்றிதழ் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வேலூர் போய்க் கொடுத்தோம். பீஸைக் குறைத்துக்கொண்டார்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன், அதற்கு நீ கவலைப்படாதே. லாங் பஜாரில் அவளுக்கு ஒரு பை வாங்கினேன். கடைக்காரரிடம் அவள் பேரம் பேசியதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். உன்னைவிட மோசம்.

இந்த வாரம் முழுக்கக் காலேஜ் போய் வந்தாள். காலையில் அவளும் கம்பெனிப் பெண்களும் ஒரே நேரத்தில்தான் மெயின் ரோட்டில் நிற்கிறார்கள். கம்பெனி பஸ் முதலில் வருகிறது. எதிர்வீட்டுப் பெண் அதில் ஏறிப் போகிறாள். இருவரும் கை காட்டிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தால் முழுசாகச் சந்தோஷப்படவும் முடியவில்லை எனக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். சேர்க்கை முடிந்து கிளம்பும்போது அந்த மேடம், இந்தச் சலுகை இந்த வருஷத்துக்கு மட்டும் என்றார். அடுத்த வருஷம் மறுபடி புது வருமானச் சான்றிதழ், புது விசாரணை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பஸ்ஸில் வரும்போது பவித்ரா கேட்டாள்: "வருஷா வருஷம் போயி இல்லன்னு சொல்லணுமாப்பா? உனக்குக் கஷ்டமா இல்லயா?" இல்லை என்றேன். பொய்தான். உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு, யார் முன்னாலும் கையை விரித்து நிற்பது எப்படிக் கஷ்டமில்லாமல் இருக்கும்?

ஆனாலும் போவேன். நஜ்மா அக்காவை இனிமேல் இழுக்க மாட்டேன். தலையாரி வருகிற அன்று சம்பளம் போனால் போகட்டும் என்று நானே வீட்டில் இருப்பேன். எங்களிடம் ஒன்றுமில்லை என்று என் வாயால் சொல்லுவேன், தெருவே கேட்கிற மாதிரி சொல்லுவேன். நீ யாருக்கும் தெரியாமல் மூடி மூடி வைத்த நம் இல்லாமைதான் சாந்தி, இப்போது நம் பிள்ளையைப் படிக்க வைக்கிறது. அவள் படித்து முடிக்கிறவரை நான் அதை மூட மாட்டேன். கோபம் இருந்தால் எல்லாவற்றையும் என்மேல் வைத்துக்கொள், அவள்மேல் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா,
பவித்ராவின் அப்பன்