காலியாக விட்ட மூன்று பிற்பகல்கள்

அன்புள்ள குட்டிக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நான் சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன், நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருங்கள், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நீ அனுப்பிய புகார் மனு வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவின் கவனக்குறைவால்தான் உன் அம்மாவுக்குப் படுக்கைப்புண் வந்து, சீழ் பிடித்து, உயிர் போனது என்று அழகாக எழுதியிருக்கிறாய். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துக் குறிக்கிற தாளில் மூன்று பிற்பகல்கள் காலியாக இருப்பதை ஆதாரமாகச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாய். தேதியைப் பார்த்தாயா? அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதத்தில் நீ வந்து தங்கியது நான்கே நாள், அந்த மூன்றும் அதற்குள்தான் வருகின்றன. அதுவரை போனிலேயே வைத்தியம் சொன்னவள், வந்ததும் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "இப்பதான் கண்ணசந்தாங்க, யாரும் தொடாதீங்க" என்றாய். "புரட்டலேன்னா புண்ணாயிடும் மேடம்" என்று நர்ஸம்மா கெஞ்சினாள். "பெத்த பொண்ணு நான் இருக்கேன், சம்பளத்துக்கு வந்தவங்க எனக்குச் சொல்லித்தர வேணாம்" என்று அவள் வாயை அடைத்தாய். செய்யாததைச் செய்ததாகக் குறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பொய்யாக ஒரு டிக் போட்டிருந்தால் இன்று தப்பித்திருப்பாள். நீ விமானம் ஏறிய மறுநாள் அம்மாவின் இடுப்பில் சட்டைப் பித்தான் அளவுக்குச் சிவந்திருந்தது. பதினேழாம் நாள் போய்விட்டாள்.

நேற்று நர்ஸம்மா வீட்டுக்கு வந்தாள். உன் மனுவின்மேல் விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவளை அனுப்பிய நிறுவனத்தில் சொல்லிவிட்டார்களாம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஐயா, நீங்க அடுத்த ரூம்லதானே இருந்தீங்க, அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். இருந்தேன். அம்மாவைத் தூக்கித் தூக்கி ஒடிந்த என் முதுகு அந்த மூன்று நாளும் சோபாவில் சுகமாகக் கிடந்தது. நீங்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. எழுந்து வரவில்லை. உன்னைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்காக உன் பங்கு குறைந்துவிடாது.

மனுவில் கையெழுத்துப் போடமாட்டேன். மாதக் கடைசியில் விசாரணை. நானே போய் உன்னையும் என்னையும் பற்றிச் சொல்லப்போகிறேன். அதற்குள் நீ மனுவை வாபஸ் வாங்கினால் நல்லது. வாங்காவிட்டாலும் போவேன்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறந்துவிடாதே. நூறு வயது நன்றாக இரு, இதை மனதாரத்தான் எழுதுகிறேன். கீழே 'அன்பு அப்பா' என்று போட இன்று கை வரவில்லை, வெறும் பெயரைப் போடவும் மனம் வரவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,