ஐஸ்பெட்டியில் ஒரு விசிறி

மலேசியாவில், அந்த ஈப்போ வீட்டில் ஏர்கான் இருந்தது ஒரே அறையில்தான். டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தினேஸ்வரி அங்கே படுத்துக்கொள்ளக் கேட்டாள். கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் கணவன் ஜெயபாலன் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பவில்லை.

"நீ போக வர கதவு தொறந்தா ரூம் சூடாயிரும். மனுஷன் வேர்த்தாத் தொடைச்சிக்கலாம்லா. புராசசர் சூடானா வேலையே நின்னுரும்."

ஒரு வாரம் அவள் ஹாலில் வெந்தாள்.

சனிக்கிழமை மதியம் அவன் கோப்பெங்குக்குப் படம் பிடிக்கப் போனதும், கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவன் பாகங்களை வாங்கி அதைப் பூட்டியபோது டார்ச் பிடித்தவள் அவள்தான். பிறகு காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"மீன் கறி அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. சாவி பக்கத்து வீட்டு பாப்பாக்காகிட்ட. நான் பத்து காஜாவுல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறேன், கூப்பிட வராதீங்க. நாளைக்கு விருந்துல போடுற வீடியோவ மாப்பிள்ள வீட்டுல கேட்டாங்க. கட்டாயம் ரெடியாயிரும்னு சொல்லிட்டேன். புராசசர் மேல இருந்த கூலிங் விசிறியக் கழட்டி ஐஸ்பெட்டியில வெச்சிருக்கேன். அதுவாச்சும் குளிரா இருக்கட்டும்."

தாளை ஏர்கான் அறைக் கதவில் ஒட்டினாள். கூப்பிட்டிருந்த வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. போனவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"விசிறிக்கு அடியில பூசுற பேஸ்ட்டத் துடைச்சிட்டேன். அது இல்லாமப் பூட்டினா சூடு இறங்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. மிச்சமிருந்த டியூப்ப காலையிலயே குப்பை லோரியில போட்டாச்சு. கம்ப்யூட்டர் கடைக்காரன் இனி திங்கக்கிழமதான் தொறப்பான்."