பேனரில் அறுத்தெடுத்த பெயர்

சுத்துக்கேணி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு ரோஸ்லின் எழுதுவது.

நானும் சாமிக்கண்ணு மாமாவும் சுகம். குவைத்தில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் மாரிமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கரும்பு வெட்டப் போன நிலத்துக்காரர் அரங்கநாதன் செத்துப்போனார். சேதி வந்ததும் மாமா, அவருதான்டி உன்ன பெத்த அப்பன், மூஞ்சியாவது பாத்துட்டு வா என்றார். அப்படியானால் லாரியில் அடிபட்டுச் செத்த சேவியர்தான் என் அப்பா என்றாயே, அவர் யாரம்மா? வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு யாரோ ஒருத்தருக்கு மெழுகுவத்தி ஏற்ற வைத்தாயே.

போனேன். அவர் பெண்சாதி விருத்தாம்பாளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. வேலையாளுங்க பின்னாடி நில்லுங்க என்று வாசலிலேயே மறித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க விடவில்லை.

நாலாம் நாள் அவர் மகன் நவீன்குமார், நான் டிசைன் செய்கிற மதகடிப்பட்டு கடைக்கே காரியப் பேனர் அடிக்க வந்தான். பெங்களூரில் வளர்ந்தவன், என்னைத் தெரியாது. மகள் என்று தன் கூடப்பிறந்த அருள்மொழியை மட்டும் எழுதிக் கொடுத்தான். அதற்கு மேலே மூத்த மகள் ரோஸ்லின் என்று சேர்த்தேன். ஒளிக்கவில்லை, அச்சுக்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பா படத்தையும், தன் பெயருக்குப் பின்னால் பி.இ. இருக்கிறதா என்பதையும் மட்டும் பார்த்துவிட்டு ஓகே போட்டான்.

டீக்கடை எதிரில் பேனரைக் கட்டினார்கள்; காலையில் டீ குடிக்க வந்த கூட்டமே படித்துவிட்டது. விருத்தாம்பாள் பேனரையே கிழிக்கச் சொன்னாள்; காரியம் முடிவதற்குள் செத்தவர் முகத்தைக் கிழிக்கக் கூடாது என்று பங்காளிகள் தடுத்தார்கள். அவள் ஆள் விட்டு என் பெயரை மட்டும் பிளேடால் அறுத்தாள். இப்போது எல்லோரும் ஓட்டையைக் காட்டி, இங்க இன்னா பேர் இருந்துச்சு என்று கேட்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. என் வேலை போயிற்று. போகட்டும், அவள் தலை குனிந்து நடப்பதைப் பார்த்தேன், அது போதும்.

உன் பெயரையும் மனைவி என்று போட்டிருக்கலாம். அந்த ஆள் பக்கத்தில் உன்னை நிற்க வைக்க மனசு வரவில்லை. அவர் உன்னை ஆசைகாட்டி ஏமாற்றினாரா, மிரட்டினாரா? மாமாவைக் கேட்டால், உங்கம்மாவையே கேளு என்கிறார். மிரட்டியிருந்தால், அவர் மகள் என்று பேர் இருப்பதைவிட அந்த ஓட்டையே எனக்கு நல்லது.

வில்லியனூர் மாதா உன் முழங்காலைக் குணமாக்கட்டும். கல்லறைத் திருநாள் வருகிறது. யாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவது, ஏற்றத்தான் வேண்டுமா என்று அதற்குள் உன் கையால் ஒரு வரி எழுதிவிடு.

இப்படிக்கு,
மணியம்மாள் மகள்
ரோஸ்லின்.