சித்தப்பா எடுத்த வீடியோ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே அம்மா தேறி வருகிறாள், எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு வாரமாக ஆறவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் காதில் விழும். அதனால் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காருக்குள்ளேயே உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் சித்தப்பன் குடும்ப குரூப்பில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, அம்மாவை வீட்டில் வைத்துக்கொள்வது உங்களுக்கு ஆபத்தில்லையா அப்பா என்று எனக்குத் தனியாகக் கேட்டிருந்தாய். உன்மேல் கோபமில்லை. நாலு ஆம்பளைகள் ஒருத்தியைக் கட்டிலில் அமுக்குவதையும், அவள் உதைத்துக் கத்துவதையும் மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். அதற்கு முன்னால் நடந்ததைக் கேள், நான் அந்த அறையில்தான் இருந்தேன். அவளுக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்துப்போய், இதோ சாகப்போகிறேன் என்று வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கவுன்ட்டருக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிடுவது உனக்குத் தெரியும். அவசரப் பிரிவுக்கு ஓடும்போதெல்லாம் ஈசிஜி நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை, போங்கள் என்பார்கள். ஒருத்தர் வாய்வு என்றார், ஒருத்தர் வயசு என்றார், உன் சித்தப்பன் அண்ணிக்கு வேலைக்குப் போக சோம்பல், அதான் நாடகம் என்றான். கடைசியில் வீட்டு வாசலைத் தாண்டவே பயந்து சோற்றையும் ஒதுக்கிய பிறகுதான் மனநல டாக்டரிடம் போனோம். இது பதற்ற நோய், மருந்தைச் சரிபார்க்கச் சில நாள் தங்கட்டும் என்றார். அவளும் சம்மதித்தாள், ஒன்றே ஒன்று கேட்டாள், அறைக்கதவை மூடக் கூடாது என்று. டாக்டரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் வார்டு வரைக்கும் போய்ச் சேரவில்லை.

அந்த ஆஸ்பத்திரி முன்கூடத்தில் பளிங்குத் தரை, மீன் தொட்டி, வாசனைத் திரவியம். மாடி வார்டில் மூத்திர நாற்றம், தாழ்ப்பாள் துரு. சொல்லவே கூசுகிறது. அன்று மாலை உன் சித்தப்பன் ஒரு பை ஆரஞ்சோடு வந்து உட்கார்ந்திருந்தான். வராந்தாவில் வேறொரு நோயாளி சத்தம் போட, வார்டு உதவியாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அம்மா மரியாதையாகத்தான், கதவ மட்டும் தெறந்து வைங்க தம்பி என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கம்மா என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது, இங்க உங்க இஷ்டத்துக்கு எதுவும் நடக்காது என்றார். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, எழுந்து கதவுப் பக்கம் போனாள், அந்த ஆள் பின்னாலிருந்து கையைப் பிடித்தார். அவள் உதறிய முழங்கை அவர் உதட்டில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அவர் குரல் கொடுத்ததும் இன்னும் மூன்று பேர் ஓடிவந்தார்கள், நான் கத்தியதை ஒருத்தனும் காதில் வாங்கவில்லை, தள்ளு சார் என்று என்னைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். நீ பார்த்த வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. கூடப் பிறந்தவன், ஒரு கை கொடுக்காமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு வந்த தலைமை நர்ஸ் முதலில் கதவை அகலத் திறந்தார். எல்லாரும் கைய எடுங்க, வெளிய போங்க என்றார், அதட்டாமல். தள்ளிப்போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, நான் கிட்ட வரமாட்டேன், கதவு தெறந்துதான் இருக்கு, தண்ணி வேணுமா, இல்ல கொஞ்சம் சும்மா இருக்கலாமா என்று கேட்டார், அவ்வளவுதான். ஊசி இல்லை, கட்டிப்போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கி அவளே தண்ணீர் கேட்டாள். உன் சித்தப்பனிடம் அதை அழிங்க என்று நர்ஸ் சொன்னபோது, சும்மா ஒரு ஞாபகத்துக்கு என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஞாபகத்துக்காம், கல்யாண வீடா அது! வீட்டுக்குப் போனதும் முத்திப்போச்சு என்று எழுதி குரூப்பில் போட்டுவிட்டான். அதற்குக் கீழே கும்பிடு பொம்மை போட்டவர்களை நினைத்தாலும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

மறுநாள் டாக்டர் எனக்கு விளக்கினார். அவங்க வெறியில கை ஓங்கல, பயத்துல ஓங்கினாங்க, தப்பிக்க வழியில்லன்னு உடம்பு முடிவு பண்ணிடுச்சு, வழிய விட்டிருந்தா கை ஓங்கியிருக்க மாட்டாங்க என்றார். இதை அவர் முதல் நாளே வார்டில் சொல்லியிருக்க வேண்டும், நான் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அம்மா அந்த உதவியாளரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். தையல் போட்ட உதட்டோடு அவர், போன மாசம் ஒருத்தர் என் விரல ஒடிச்சிட்டாரும்மா, அதுலேர்ந்து யாராவது வேகமா எழுந்தாலே எனக்கு நடுங்குது, என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தரல என்றார். அவர்மேல் இருந்த ஆத்திரம் அங்கேயே வடிந்துவிட்டது. மீன் தொட்டிக்குச் செலவழிக்கிறவர்கள்மேல் இருப்பது வடியவில்லை.

சித்தப்பன் வீட்டுக்குப் போய் அந்த வீடியோவை என் கண் முன்னாலேயே அழிக்க வைத்தேன். உண்மையச் சொன்னா உனக்கு ஏன் எரியுது என்றான். இனி என் வாசல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டு, வைத்த டீயைத் தொடாமல் வந்தேன்.

அம்மா இப்போது தெருமுனை வரை நடக்கிறாள். படபடப்பு வந்தால் உடனே திரும்பாமல் அது இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன பயிற்சி. சில நாள் நிற்கிறாள், சில நாள் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை, நேற்றுகூட என் சட்டைக் காலர் அழுக்கென்று திட்டினாள்.

ஒன்றை மட்டும் கேள். வீடியோ விஷயம் தெரிந்ததும் அவள் அழவில்லை, புள்ள பாத்துச்சா என்றுதான் கேட்டாள். இல்ல, அவ அந்த குரூப்பப் பாக்கறதே இல்ல என்று சொல்லிவிட்டேன். அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதனால் இது கைக்கு வந்த அன்றே அவளுக்குப் போன் போடு. தேன் தடவிய குரலில் மருந்து சாப்பிட்டீங்களாம்மா என்று ஆரம்பிக்காதே, வருகிறவன் இருமலை வைத்தே மருந்து எடுத்து வைத்தவள், ஒரு நொடியில் பிடித்துவிடுவாள். எப்போதும் போல் சண்டை போடு, அடுப்பில் எதையாவது தீய்த்ததைச் சொல்லித் திட்டு வாங்கு.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையுமில்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா